மின்கம்பி போட 17 ஆண்டு!

அமெரிக்கா என்றதும் நம் நினைவுக்கு வருவது வேகம். நினைத்த மாத்திரத்தில் பாலம் எழும்பும், கேட்ட மாத்திரத்தில் உத்தரவு கிடைக்கும் என்று எண்ணுகிறோம். அந்த நாட்டில் ஒரு மின்கம்பிப் பாதை போடும் வேலையைத் தொடங்கவே 17 ஆண்டுகள் ஆயின என்றால் நம்புவீர்களா?

நியூ மெக்சிகோ மாநிலத்துக் காற்றாலைகளின் மின்சாரத்தை அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டு போகும் பாதை அது. பெயர் சன்சியா. நீளம் 550 மைல். 2006-ல் திட்டம் போட்டார்கள். 2023 செப்டம்பரில்தான் கட்டுமானம் தொடங்கியது. திட்டம் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டது!

இதற்கு யார் காரணம்? என்ன மருந்து? அமெரிக்க அரசியலில் இது பெரிய சர்ச்சை. அங்குள்ள பழமைவாதிகள், அதாவது பெரும்பாலும் ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள், ஒரு மருந்து சொல்கிறார்கள். மின்வெட்டையும் ஆலைப் புகையையும் ஒருசேர அனுபவித்தவர்கள் நாம். அந்த மருந்தின் குணத்தை அறிந்து வைப்பது நமக்கும் நல்லது.

நதி எரிந்தது

கதை 1969-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியா மாநிலத்தின் சான்டா பார்பரா கடலில் ஓர் எண்ணெய்க் கிணறு வெடித்து, கடற்கரை கறுத்துப் போனது. ஜூன் மாதம் கிளீவ்லாந்து நகரில் கயஹோகா என்ற நதி தீப்பிடித்து எரிந்தது. நீர் எப்படி எரியும்? நீரின் மேல் மிதந்த எண்ணெயும் ஆலைக் கழிவும் எரிந்தன.

மக்கள் கொதித்தார்கள். தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் பிறந்தது. 1970 ஜனவரி 1-ந் தேதி அதில் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி நிக்சன். அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர். சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஏற்பட்டதும் அவர் காலத்தில், அதே ஆண்டில்தான். காற்றையும் நீரையும் காப்பது அன்று ஒரு கட்சியின் தனிச் சொத்தாக இருக்கவில்லை.

அந்தச் சட்டம் கேட்பது ஒன்றுதான். மத்திய அரசு ஒரு பெரிய வேலையைச் செய்யும் முன், அல்லது பிறருக்கு அனுமதி கொடுக்கும் முன், அதனால் மண்ணுக்கும் நீருக்கும் மனிதருக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து எழுது. ஊரார் பார்வைக்கு வை. கேடு வந்தால் திட்டத்தை நிறுத்து என்று சட்டம் சொல்லவில்லை. யோசித்துச் செய் என்கிறது.

பைல் பெருத்தது

நாளடைவில் அந்த ஆராய்ச்சி அறிக்கை ஊதிப் பெருத்தது. வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் கவுன்சில் 2020-ல் கணக்குப் பார்த்தது. 2010 முதல் 2018 வரை, பெரிய திட்டங்களுக்கான ஓர் அறிக்கை முடிய சராசரியாக நாலரை ஆண்டு ஆகியிருந்தது. அறிக்கையின் சராசரிக் கனம் 600 பக்கத்துக்கு மேல்!

ஏன் இப்படி? கோர்ட்டுக்குப் பயந்து. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் யாராவது வழக்குப் போடுவார்கள், நீதிபதி அனுமதியை ரத்து செய்வார் என்ற அச்சம். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடிட்டில் கேள்வி வரும் என்று பயந்தால், பைலில் இன்னும் நாலு தாளைச் சேர்த்துக் கட்டத்தானே தோன்றும்?

சன்சியாவின் தாமதத்துக்கு இந்தச் சட்டம் மட்டுமே காரணம் அல்ல. ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம் குறுக்கிட்டதால் பாதையையே மாற்ற வேண்டி வந்தது. ஒரு பைல் பல மேஜைகளுக்குப் போனால் ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் உறங்கத்தானே செய்யும்!

மூன்று மருந்துகள்

பழமைவாதிகள் சொல்லும் மருந்தில் முதலாவது, கெடு வைப்பது. 2023 ஜூனில், அரசின் கடன் வரம்பை உயர்த்தும் சட்டத்தோடு சேர்த்து இதைச் சாதித்துக் கொண்டார்கள். பெரிய அறிக்கைக்கு 2 ஆண்டு, 150 பக்கம்; மிகச் சிக்கலானதென்றால் 300 பக்கம். சிறிய அறிக்கைக்கு 1 ஆண்டு, 75 பக்கம். கையெழுத்திட்ட ஜனாதிபதி பைடன் எதிர்க்கட்சியான டெமாக்ரடிக் கட்சிக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, கோர்ட்டின் தலையீட்டைக் குறைப்பது. யூட்டா மாநிலத்தில் எண்ணெய் ஏற்றிச் செல்ல 88 மைல் ரயில் பாதை போட அனுமதி கிடைத்தது. அதற்கான அறிக்கை 3,600 பக்கத்துக்கு மேல். அதுவும் போதாது என்று 2023-ல் அப்பீல் கோர்ட் தள்ளியது. 2025 மே 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எட்டு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன முடிவு. எவ்வளவு தூரம் ஆராய்வது என்பதில் இலாகாவின் தீர்மானத்தைக் கோர்ட்டுகள் மதிக்க வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது, தடை போடுவதற்குப் பதில் விலை வைப்பது. 1990-ல் மூத்த புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது அமில மழையைத் தடுக்க இந்த வழியைக் கையாண்டார்கள். மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு கந்தகப் புகைதான் விடலாம் என்று உச்சவரம்பு. அதற்குள் அவரவர் பங்கை வாங்கலாம், விற்கலாம். புகையைக் குறைத்தவனுக்கு லாபம், குறைக்காதவனுக்குச் செலவு. 2010-க்கு என்று வைத்த இலக்கு 2007-லேயே எட்டப்பட்டது.

லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம் என்று ராஜாஜி சாடியதை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. அதில் உண்மையும் இருக்கிறது. தாமதத்தால் எண்ணெய்க் கம்பெனி மட்டும் நஷ்டப்படவில்லை. புகையில்லாத காற்றாலை மின்சாரமும் 17 ஆண்டு காத்துக் கிடந்தது.

எளியவன் குரல்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அரிசோனாவில் சான் பெட்ரோ என்றொரு பள்ளத்தாக்கு. அங்குள்ள பூர்வகுடிகளான டோஹோனோ ஓதாம் மக்களும், சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களும் அதைத் தங்கள் முன்னோர் பூமியாகப் போற்றுகிறார்கள். சன்சியா பாதை அதன் ஊடே போகிறது. எங்களை முறைப்படி கலந்து பேசவில்லை என்று 2024 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட் தள்ளியது. 2025 மே மாதம் அப்பீல் கோர்ட் வழக்கை நடத்தலாம் என்றது.

பணக்காரக் கம்பெனிக்கு வக்கீல் உண்டு, மந்திரியிடம் செல்வாக்கு உண்டு. ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவனுக்கு அந்த அறிக்கையும் கோர்ட்டும்தானே துணை? 2023-ம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் செய்தது. அனுமதி கேட்பவரே, இலாகாவின் மேற்பார்வையில், அறிக்கையைத் தயாரிக்கலாம் என்றது. பரீட்சை எழுதுகிறவனிடமே மார்க் போடும் பேனாவைக் கொடுப்பதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேற்பார்வை பார்க்கப் போதிய ஆள் இருந்தால்தான் அந்த ஏற்பாடு செல்லும். கெடு வைப்பவர்கள் மேஜைக்கு ஆளும் வைக்க வேண்டும்.

ஆட்சி மாறினால்?

எல்லாவற்றிலும் பெரிய நோய் வேறு. கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் கீஸ்டோன் எக்ஸ்.எல். குழாய்த் திட்டத்தை 2015-ல் ஒபாமா மறுத்தார். 2017-ல் டிரம்ப் அனுமதித்தார். 2021-ல் பைடன், பதவியேற்ற அன்றே ரத்து செய்தார். அதே ஆண்டு கம்பெனி திட்டத்தைக் கைகழுவியது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ரோட் ஐலண்ட் அருகே கடலில் 65 காற்றாலைகள் கொண்ட ரெவல்யூஷன் விண்ட் திட்டம். எல்லா அனுமதியும் வாங்கி, 80 சதவீத வேலை முடிந்திருந்தது. 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. செப்டம்பரில் ஒரு நீதிபதி, வேலை தொடரலாம் என்றார். கோர்ட்டின் கையைக் கட்ட வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எண்ணெய்க்கு ஒரு நீதி, காற்றுக்கு ஒரு நீதி என்றால் அது சீர்திருத்தம் ஆகாது. பைல் ஒரு கட்சியின் மேஜையிலிருந்து இன்னொரு கட்சியின் மேஜைக்கு மாறியது என்றுதான் பொருள்.

ரேஷன் கார்டை ஊர் மாற்ற அலைந்தவர்களுக்குத் தெரியும், மனிதன் கேட்பது என்ன என்று. முடியும் என்றால் முடியும் என்று சொல். முடியாது என்றால் காரணத்தோடு சொல். எதுவானாலும் குறித்த நாளில் சொல். பாதிக்கப்படுபவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் சொல். சொன்னபின் மாற்றாதே. அமெரிக்காவின் மின்கம்பிக்கும் இதுதான் வேண்டும்.