ஊசியும் அட்டையும்: கொரோனாத் தடுப்பூசி பற்றிய சில விளக்கங்கள்

கொரோனாத் தொற்று உலகளாவிய அவசரநிலை என்ற கட்டத்தைக் கடந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. ஊசி போட்ட பாடசாலை மண்டபங்களில் இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்று தந்த தடுப்பூசி அட்டைகள் பல வீடுகளில் கூரைத் தகரத்துக்கும் தீராந்திக்கும் இடையில் செருகிக் கிடக்கின்றன. ஆனால் ஊசி பற்றிய பேச்சு மட்டும் ஓயவில்லை. இளவயதில் ஒருவர் மாரடைப்பால் இறந்தால், செத்தவீட்டில் எழும் முதல் ஐயம் ஊசியைப் பற்றியதாகவே இருக்கின்றது. 2024இல் அஸ்ட்ராசெனெகா நிறுவனம் தன் ஊசியை ஐரோப்பியச் சந்தையிலிருந்து மீளப்பெற்றபோது, முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் பலர் என்னை மறித்துக் கேள்வி கேட்டனர். அந்தக் கேள்விகளை வைத்தே இதை எழுதுகின்றேன்.

முதலில், நடந்ததை ஒழுங்காக நினைவிற் கொள்வோம். இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிசீல்ட் ஊசிகளுடன் 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் தடுப்பூசி வேலை ஆரம்பமாயிற்று. சுகாதாரப் பணியாளருக்கும் படையினருக்கும் முதலிடம் கிடைத்தது. பின்னர் இந்தியாவிலேயே நோய் பெருகியதால் அங்கிருந்து ஊசி வருவது நின்றது. முதல் ஊசி போட்ட சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். யப்பான் அனுப்பிய ஊசிகள் வந்த பின்னரே அவர்களது காத்திருப்புத் தீர்ந்தது. யாழ் மாவட்டப் பொதுமக்களுக்கு ஊசி போடத் தொடங்கியது 2021 மே 30ஆம் திகதிதான். ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் வாழும் மாவட்டத்துக்கு முதலில் வந்தவை 50,000 சினோபாம் ஊசிகள். ஆகவே தொற்றுக் கூடிய கிராம சேவையாளர் பிரிவுகள் தெரிவு செய்யப்பட்டன. பதிவு ஓரிடம், சீவியம் இன்னோரிடம் என்று 1990ஆம் ஆண்டு தொடக்கம் அலைகின்ற வலிகாமம் வடக்குக் குடும்பங்களுக்கு இத்தகைய பட்டியல்கள் எப்போதுமே ஒரு தலையிடி. நிவாரணமோ வாக்காளர் இடாப்போ ஊசியோ, எதுவானாலும் "உங்கட விதானையாரிட்டப் போங்கோ" என்ற பதில்தான் கிடைக்கும்.

அந்நாட்களில் ஒரு முகாமில் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாதர், ஊசி போடாட்டி நிவாரணத்தை வெட்டுவினமோ?" ஊசி நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. அதிகாரத்தின் கையில் இது இன்னொரு பிரம்பாகுமோ என்பதே அவருடைய பயம். கொழும்பிலே சிலர் எம் மக்களின் தயக்கத்தை அறியாமை என்று எழுதினார்கள். அது சரியான கணிப்பல்ல.

ஏனெனில் நம்பிக்கையைக் கெடுத்ததில் ஆட்சியாளருக்குப் பெரும் பங்கு உண்டு. 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை கொரோனாவால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் நோய் பரவும் என்றார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. முஸ்லிம் சகோதரர் பட்ட வேதனை உலகறிந்தது. தடை நீங்கியதும், அந்த உடல்களைப் புதைக்க இரணைதீவைத் தெரிவு செய்தார்கள். அம்மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, போராடி, 2018இல்தான் தம் தீவுக்குத் திரும்பியிருந்தவர்கள். கொரோனாத் தடுப்புச் செயலணிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு வைத்தியர் அல்லர், இராணுவத் தளபதி. சுகாதார அமைச்சரோ "தம்மிக்க பாணி"யை எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு ஊசி வந்த அதே மே மாதத்தில்தான், விஞ்ஞானிகளின் சொல்லைக் கேளாமல், இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். தோட்டத்தில் வெங்காயமும் வயலில் நெல்லும் என்னாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் ஊசி விடயத்தில் மட்டும் விஞ்ஞானத்தை நம்புங்கள் என்றால், மக்கள் ஒரு கணம் யோசிக்கத்தானே செய்வார்கள்!

ஆனாலும் சொல்பவர் யார் என்பதைக் கொண்டு மாத்திரம் ஒரு மருந்தை மதிப்பிடலாகாது. ஊசி எவ்வாறு வேலை செய்கின்றது என்று பார்ப்போம். கோழி வளர்க்கும் வீட்டாருக்கு இது புதிதல்ல. குஞ்சுக்கு ராணிக்கெற் நோய்த் தடுப்பு மருந்தைக் கண்ணில் விடுகிறோம். சில வாரங்களின் பின் திரும்பவும் கொடுக்கிறோம். முதல் மருந்து உடலுக்கு நோய்க் கிருமியை அறிமுகம் செய்கின்றது. அடுத்தது அந்த நினைவைப் புதுப்பிக்கின்றது. மாட்டுக்குக் கோமாரி ஊசியும் அப்படியே, ஒருமுறை போட்டுவிட்டு ஆயுளுக்கும் போதும் என்றிருக்க முடியாது. மண்வெட்டி காலில் பட்டால் நமக்குப் போடுகின்ற ஏற்பு ஊசியும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியதே. செயலூக்கி என்றும் பூஸ்டர் என்றும் சொல்லப்பட்ட மூன்றாவது கொரோனா ஊசியின் காரணமும் இதுதான். ஏமாற்று வியாபாரம் என்று சிலர் சொன்னது போல அது திடீரெனக் கண்டுபிடித்த தந்திரமல்ல.

எம்மவரில் மிகப் பலர் போட்ட சினோபாம், கொல்லப்பட்ட வைரசைக் கொண்டு செய்யப்பட்டது. விசர்நாய்க்கடி ஊசியும் அந்தப் பழைய முறையில் வந்ததே. பைசர், மொடேர்னா ஆகியவை புதிய முறையில் ஆனவை. வைரசின் ஒரு சிறு பகுதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பை மாத்திரம் அவை உடலின் கலங்களுக்குக் கொடுக்கின்றன. குறிப்பு சில நாட்களில் அழிந்துவிடும். அது எமது பரம்பரை அலகுகளை மாற்றுவதில்லை. சினோபாமின் பாதுகாப்பு முதியவர்களில் குறைவாக இருந்தமையால், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாவது ஊசி வேண்டும் என 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இலங்கையில் 2021 நவம்பரிலிருந்து அதற்குப் பைசர் ஊசி பயன்படுத்தப்பட்டது.

பக்கவிளைவு இல்லையா? உண்டு. மறைப்பதால் பயன் இல்லை. அஸ்ட்ராசெனெகா ஊசியினால் அரிதாக, இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு, குருதி உறையும் ஆபத்தான நிலை ஏற்பட்டது. இது 2021இலேயே வைத்திய உலகம் அறிந்து அறிவித்த விடயம். 2024இல் வந்த செய்தி அதனைப் புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. அந்தக் குருதி உறைவும் ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் வருவது. மூன்று வருடம் கழித்து வருவதல்ல. பைசர், மொடேர்னா ஊசிகளால் முக்கியமாக இளம் ஆண்களுக்கு, அதுவும் அரிதாக, இதயத் தசை அழற்சி உண்டானது. பெரும்பாலானோர் குணமடைந்தனர். இவ்விரண்டும் சினோபாமின் விளைவுகளாக நிறுவப்படவில்லை. ஆகையால் இன்று நெஞ்சுநோ வருகின்ற ஒருவர் ஊசியைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருப்பதைவிட, சீனி, பிரசர், கொழுப்பு ஆகியவற்றைச் சோதிப்பதே புத்தி. சுருட்டைப் பற்றியும் சொல்லலாம். புகையிலை பயிரிடும் எம் ஊரில் அதைச் சொன்னால் கோபிப்பார்கள்.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2021 ஓகஸ்ட் பிற்பகுதியில் இந்நாட்டில் ஒரு நாளில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்த இறப்பு 16,000ஐத் தாண்டியது. இறந்தவர்களிற் பெரும்பான்மையோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஒரு குழாய்க்கிணற்றையும் பொது மலசலகூடங்களையும் பல குடும்பங்கள் பங்கிடும் முகாமில், "ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள்" என்ற அறிவுரைக்கு என்ன பொருள்? அத்தகைய இடத்தில் ஒரு முதியவருக்குக் கிடைத்த மெய்யான பாதுகாப்பு அந்த ஊசி ஒன்றே.

எனினும் ஓர் உண்மையை ஏற்க வேண்டும். ஊசி போட்டால் தொற்றே வராது என்று ஆரம்பத்திற் பலர் பேசினார்கள். டெல்டாவும், பின்னர் ஒமிக்ரோனும் அதைப் பொய்யாக்கின. ஊசி போட்டவருக்கும் தொற்று வந்தது, அவரிடமிருந்து பிறருக்கும் பரவியது. சாவிலிருந்தும் கடும் நோயிலிருந்தும் காப்பாற்றுவதில்தான் ஊசியின் பலம் நிலைத்து நின்றது. இந்த வேறுபாடு அட்டை விவாதத்துக்கு மிக முக்கியம். ஊசி என்னைக் காக்கிறது. ஆனால் நான் உனக்குப் பரப்புவதை அது முழுமையாகத் தடுக்காது. அப்படியானால், அட்டை இல்லாதவனைச் சந்தை வாசலில் மறிப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் பாதி கரைந்துவிடுகின்றது.

2022 ஜனவரியில் வெளிவந்த வர்த்தமானி அதைத்தான் செய்ய முயன்றது. முழுமையாக ஊசி போடாத எவரும் ஏப்ரல் 30ஆம் திகதிக்குப் பின் பொது இடங்களுக்குள் நுழையக் கூடாது என்றது. பொது இடம் என்பதில் மருதனார்மடம் சந்தையும் அடங்கும், பஸ்வண்டியும் அடங்கும். கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது நாட்சம்பளத்தின் மீது போடும் பூட்டு. மேலும், எமக்கு அட்டை என்றால் வேறு நினைவுகள் வருகின்றன. வன்னியிலிருந்து வெளியேறப் புலிகளின் பாஸ், வவுனியாவில் தங்கப் படையினரின் பாஸ், 1996க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக இராணுவ அனுமதி என்று, ஒரு துண்டுக் கடதாசிக்காக வெயிலில் நின்ற தலைமுறை இது. சுகாதாரத் திணைக்களத்தில் இதை யோசித்தவர் இருந்தாரோ தெரியாது. நல்லவேளை, ஏப்ரல் 30 வந்தபோது நாடு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. அட்டை விதி நடைமுறைக்கு வராமலே போயிற்று.

உலகெங்கும் இந்தச் சர்ச்சை நடந்தது. பிரான்சில் 2021 ஓகஸ்ட் முதல் தேநீர்க்கடைக்குள் போகவும் சுகாதாரப் பத்திரம் கேட்டார்கள். தெருக்களில் பெரும் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. ஒன்ராறியோவில் 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் வரை சான்றிதழ் இருந்தது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள எங்கள் பிள்ளைகள் தொலைபேசியிற் சொன்ன இருபக்கக் கதைகளும் இங்கே வந்து குழம்பின. ஒஸ்திரியா 2022 பெப்ரவரியில் ஊசியைச் சட்டத்தால் கட்டாயமாக்கி, அவ்வாண்டு ஜூனிலேயே கைவிட்டது. இந்திய உயர் நீதிமன்றம் 2022 மே 2ஆம் திகதி, எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பிற் சொல்லியது.

திருச்சபையின் நிலைப்பாடு பற்றியும் கேட்கிறார்கள். சில ஊசிகளின் ஆய்வில் பல்லாண்டுகளுக்கு முன் கருக்கலைப்பிலிருந்து பெறப்பட்ட கலங்களின் வழிவந்தவை பயன்பட்டன என்பதே அவர்களின் உறுத்தல். வேறு ஊசி கிடைக்காத நிலையில் அவற்றைப் போடுவது ஒழுக்க முறைப்படி ஏற்கத்தக்கது என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசெம்பர் 21ஆம் திகதி விளக்கியது. அதே குறிப்பில், ஊசி தன்விருப்பில் போடப்பட வேண்டும் என்றும், மறுப்பவர் பிறருக்கு நோயைக் கொண்டு செல்லாதபடி இயன்ற யாவும் செய்ய வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. ஒரு பாதியை மட்டும் வாசிப்பவர்கள் இரு தரப்பிலும் உள்ளனர்.

என் அபிப்பிராயம் இது. நாட்டு எல்லையில் சான்றிதழ் கேட்பது புதிதல்ல. ஆபிரிக்கா போகிறவர் மஞ்சட்காய்ச்சல் ஊசிப் புத்தகம் கொண்டு போவது பழைய வழக்கம். அங்கும் அநீதி நடந்தது. சினோபாம் போட்டவரைப் பிரித்தானியா 2021 நவம்பர் 22 வரை ஊசி போடாதவராகவே கணித்தது. ஏழை நாட்டவருக்குக் கிடைத்த ஊசியைப் பணக்கார நாடு ஏற்க மறுப்பது என்ன நியாயம்? ஆபிரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கேனும் இரண்டு ஊசி கிடைக்காத அந்த ஆண்டில், வசதியுள்ள நாடுகள் மூன்றாவதைப் போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் உள்ளூர்ச் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அட்டை கேட்பதை எக்காலத்திலும் ஏற்க முடியாது. முகாமுக்கே வந்து, மருத்துவிச்சி முகம் பார்த்து விளக்கி, பதிவு எங்கிருந்தாலும் ஊசி போட்டால், வர்த்தமானி தேவைப்படாது.

இது பழங்கதை அல்ல. 2024 டிசெம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தபோது, தடுப்புக் குளிசையைக் கண்டு "இதுவும் கொரோனா ஊசி மாதிரியோ" என்று பின்வாங்கியவர்களைக் கண்டேன். அந்தக் குளிசை டொக்சிசைக்கிளின். நெடுங்காலமாகப் பாவனையில் உள்ளது. மழைக்காலத்தில் வயலில் இறங்கமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அதை இலவசமாகப் பெறலாம். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வைத்தியரைக் கேளாமல் எடுக்கக் கூடாது. வயலுக்குப் போய்வந்தபின் காய்ச்சலும் தசைநோவும் கண் சிவப்பும் கண்டால், குளிசை எடுத்தவரானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதைச் சொல்லுங்கள்.