கொலைகாரக் குளவி நம்ம ஊருக்கு வருமா?

பத்து நாளா ஒரே கேள்வி: "அண்ணே, கொலைகாரக் குளவி நம்ம ஊருக்கு வந்துருச்சா?" ஒரு அம்மா, மொட்டை மாடில துணி காயப்போடவே பயமா இருக்குன்னு எழுதிருக்காங்க. அம்மா, நீங்க துணியக் காயப்போடுங்க.

எல்லாம் அந்தப் பேரு பண்ற வேலை. 2020 மே மாசம், கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தப்ப, நியூயார்க் டைம்ஸ்ல 'கொலைகாரக் குளவி'ன்னு செய்தி வந்துச்சு. பத்திக்காம இருக்குமா? அமெரிக்காக்காரங்க பாவப்பட்ட வண்டையெல்லாம் செருப்பால அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2022ல அங்க இருக்கற பூச்சியியல் சங்கமே 'வடக்குப் பெருங்குளவி'ன்னு பேரை மாத்துச்சு. அந்தப் பேர்ல யாரு வீடியோ பாப்பா? நானே தலைப்புல பழைய பேரைத்தான் போட்டுருக்கேன், மன்னிச்சுருங்க.

பூச்சி பெருசுதான். ராணி 5 சென்டிமீட்டர் வரைக்கும் வரும். ஆனா அது வேட்டையாடுறது நம்மள இல்ல, தேனீய. சில டஜன் குளவி சேர்ந்தா சில மணி நேரத்துல ஒரு பெட்டித் தேனீ மொத்தத்தையும் தலையக் கிள்ளிப் போட்டுரும். ஆனா ஜப்பான் நாட்டுத் தேனீ கில்லாடி. குளவியச் சுத்தி பந்து மாதிரி மொய்ச்சு, உடம்பு சூட்டுலயே அவிச்சுரும். 46 டிகிரி! வேலூர் கத்திரி வெயில் தோத்துச்சு போங்க.

2019ல கனடாவுல நனைமோ, அப்புறம் வாஷிங்டன் மாநிலத்துல பிளெய்ன்னு ரெண்டு இடத்துல இந்தக் குளவி தட்டுப்பட்டுச்சு. கூட்டை எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? உசுரோட ஒரு குளவியப் பிடிச்சு, பல் இடுக்குல விடுற நூலால குட்டி ரேடியோ கருவியக் கட்டிப் பறக்க விட்டாங்க. குளவிக்கு முடிச்சுப் போடுறது! எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது. அது பின்னாடியே போயி, 2020 அக்டோபர்ல மரப்பொந்துல இருந்த கூட்டை வாக்வம் வச்சு உறிஞ்சிட்டாங்க. அடுத்த வருஷம் இன்னும் மூணு கூடு. 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒழிஞ்சுருச்சுன்னே அறிவிச்சாச்சு. நமக்கு இப்பத்தான் ஃபார்வர்டு வருது.

திரும்பப் பேருக்கே வரேன். நம்ம ஊர்லயே ஒரு குளவி இருக்கு, கதண்டு. பேரைக் கேட்டா யாராவது பயப்படுறோமா? பனைமரத்துல கூடு கட்டும், நூறு நாள் வேலைக்குப் போனவங்களக் கொட்டும், பேப்பர்ல நாலு வரி வரும். ஆள் செத்தும் இருக்காங்க. அதுக்கு ஒரு ஃபார்வர்டு உண்டா?

ஐயோ, நேரம் ஆயிருச்சு, கடகடன்னு சொல்லிடறேன். கதண்டுக் கூட்டுல கல்லெறியாதீங்க, நீங்களா தீ வைக்காதீங்க, தீயணைப்புத் துறைக்கு 101 அடிங்க. துரத்துச்சுன்னா கையை வீசாம முகத்தை மூடிட்டு ஓடுங்க, கதவு இருக்கற இடத்துக்குள்ள போயிருங்க. கொட்டுன எடத்துல கொடுக்கைத் தேடாதீங்க, கதண்டு கொடுக்கை விட்டுட்டுப் போகாது. மூச்சு வாங்குனா, மூஞ்சி வீங்குனா, தலை சுத்துனா உடனே 108. நிறைய கொட்டியிருந்தா, நல்லாத்தானே இருக்கோம்னு வீட்டுல படுக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சுக்கூட கிட்னியப் பாதிக்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்க. சுண்ணாம்பு தடவலாமான்னு கேட்டவங்களுக்கு: வேணாம், ஐஸ் வைங்க.