சின்னக் காரில் ஒரு பெட்டிக்கு இடம்

திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலையில், வல்லக்கோட்டை முருகன் கோயிலருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீண்ட டிரெய்லர் லாரிகள் செல்வதைக் காணலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியபின் இந்தச் சாலையின் முகமே மாறிவிட்டது.

அந்தக் கார்களில் ஒன்றைத் திறந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உள்ளே ஒரு கைப்பிடி அளவு இடம்கூட வீணாக விடப்பட்டிருக்காது. ஒவ்வொரு மூலைக்கும் ஏதோ ஒரு பொறுப்பு உண்டு. சாதாரணக் காரிலேயே இப்படியென்றால், இரண்டே இருக்கைகள் கொண்ட சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

1990-களின் இறுதியில் இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்த சான் ஸ்டார்ம் என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கதவுகள், இரண்டு இருக்கைகள், முன்புறம் ரெனோ நிறுவனத்தின் 1,149 கன சென்டிமீட்டர் எஞ்சின். மேலுடல் எஃகுத் தகடு அன்று. கண்ணாடியிழை சேர்த்த பிளாஸ்டிக். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது மூன்று இடங்களில் பயன்படும்.

இத்தகைய காரில் காற்றின் இரைச்சலும் எஞ்சின் இரைச்சலும் மிகுதி. எனவே பாட்டுக் கேட்க விரும்பும் ஒருவர், கடைகளில் ஆம்ப்ளிஃபயர் என்று சொல்லப்படும் பெருக்கி ஒன்றைத் தனியே வாங்கிப் பொருத்த நினைக்கிறார். அது ஒரு தடித்த அகராதியின் அளவுள்ள பெட்டி. மூன்று கிலோ எடை. எங்கே வைப்பது?

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு காலி இடம் தேடுவதுதான் முதலில் தோன்றும் வழி. ஆனால், பெட்டி நுழையும் இடமெல்லாம் பெட்டிக்கு ஏற்ற இடம் ஆகாது. வெப்பம் எப்படி வெளியேறும்? மின்சாரம் எப்படி வந்து சேரும்? கார் மோதினால் பெட்டி என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபிறகே நாடாவுக்கு வேலை.

தனிப் பெட்டி எதற்கு?

காரின் ரேடியோவுக்குள்ளேயே ஒரு சிறு பெருக்கி இருக்கிறதே, அது போதாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். மிகச் சிறந்த சுற்றமைப்பிலும் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மின்னழுத்தம் இவ்வளவுதான். அதன் பயனுறு மதிப்பு சுமார் 10 வோல்ட். ஒலிபெருக்கியின் மின்தடை 4 ஓம் என்றால், 10-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்க, 25 வாட் திறன். டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 20 வாட் கிடைப்பதே பெரிது.

100 வாட் வேண்டுமானால் பயனுறு மதிப்பு 20 வோல்ட் இருக்கவேண்டும். உச்சம் 28 வோல்ட். இதை பாட்டரி நேரடியாகத் தர இயலாது. ஆகவே தனிப் பெருக்கியினுள், நேர்மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்படுகிறது. ஒரு சிறு மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்துகிறது. பிறகு அது மீண்டும் நேர்மின்னோட்டமாகத் திருத்தப்படுகிறது.

இது புதிய தந்திரம் அன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-இல் மோட்டரோலா கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய காலத்தில், வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. அதற்கெனத் தனி பாட்டரிகளைக் காரின் தரைக்கடியில் வைத்தார்கள். பின்னர் வந்த அதிர்வான் என்ற கருவி மின்னோட்டத்தை வெட்டி மின்மாற்றிக்கு அனுப்பவே, அந்தப் பாட்டரிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. இடத்துக்காக நடந்த போராட்டம் அன்றே தொடங்கிவிட்டது பாருங்கள்!

முதல் கேள்வி: வெப்பம் எங்கே போகும்?

இரண்டு ஒலிபெருக்கிகளுக்குத் தலா 100 வாட், ஆக 200 வாட் தரும் பெருக்கி ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம்.

பழைய ஏபி வகைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய்போல் வேலை செய்கிறது. ஒலிபெருக்கிக்குப் போகாத மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் குறுக்கே விழுந்து வெப்பமாகிறது. இதன் பயனுறு திறனை 50 விழுக்காடு எனக் கொண்டால், 200 வாட் ஒலித்திறனுக்கு 400 வாட் உள்ளே போகவேண்டும். எஞ்சிய 200 வாட் வெறும் வெப்பம்.

டி வகைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர் ஒரு ஸ்விட்ச். ஒன்று முழுதும் திறந்திருக்கும். அல்லது முழுதும் மூடியிருக்கும். மின்னோட்டம் பாயாதபோது இழப்பு இல்லை; தடையின்றிப் பாயும்போது டிரான்சிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தம் மிகச் சொற்பம். எனவே 85 விழுக்காடு பயனுறு திறன் எளிதில் கிட்டும். 200 வாட் ஒலித்திறனுக்கு 235 வாட் உள்ளே போனால் போதும்; வெப்பம் 35 வாட் மட்டுமே. பாட்டு எப்போதும் உச்சத்தில் ஒலிப்பதில்லையாதலால், இரண்டிலும் சராசரி வெப்பம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் எது பெரிது, எது சிறிது என்பது மாறாது.

இந்த வெப்பத்தை வெளியேற்றவே பெட்டியின் மேல் துடுப்புகள் போன்ற அலுமினியத் தகடுகள் உள்ளன. ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் தகடு சுற்றியுள்ள காற்றைவிட 1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறுவதாகக் கொள்வோம். தகடு 80 பாகையைத் தொட்டால் காப்புச் சுற்று பெருக்கியை நிறுத்திவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றுக் காற்று 35 பாகையில் இருந்தால் 45 வாட் வெப்பத்தை வெளியேற்றலாம். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் காற்று 60 பாகையை எட்டக்கூடும். அப்போது அதே தகட்டால் 20 வாட்டைத்தான் வெளியேற்ற முடியும். பெட்டி அதேதான், பாட்டும் அதேதான். இடம் சூடானதால் அதன் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விட்டது.

துடுப்புகள் செங்குத்தாக நிற்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று கீழிருந்து நுழையும். பெட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் சூடான காற்று துடுப்புகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். எஃகுச் சுவரில் பொருத்தினால் சுவரும் ஓரளவு வெப்பத்தைக் கடத்திச் செல்லும். கண்ணாடியிழைச் சுவர் செல்லாது. சான் ஸ்டார்ம் பற்றி நினைவில் வைத்த செய்தி இங்கே முதன்முறையாகப் பயன்படுகிறது.

இரண்டாவது கேள்வி: மின்சாரம் எப்படி வரும்?

400 வாட்டை 14 வோல்ட்டால் வகுத்தால் 28 ஆம்பியருக்கு மேல் வருகிறது. வீட்டு மின்சாரத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டிக்கு 5 ஆம்பியர்கூடத் தேவையில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

முன்புறமுள்ள பாட்டரியிலிருந்து பின்புறமுள்ள பெட்டிக்கு 5 மீட்டர் செம்புக் கம்பி போகிறது. குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் மின்தடை 0.057 ஓம். அற்பம் என்று தோன்றுகிறதா? 28 ஆம்பியரில் 1.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 44 வாட்டுக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாகும். தரைவிரிப்புக்கு அடியில் மூடிக்கிடக்கும் கம்பியின் மேலுறை இளகிப்போக இது போதும். 8 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.3 வோல்ட், சுமார் 8 வாட் மட்டுமே.

இங்கே ஃபியூஸ் வருகிறது. அதைப் பெருக்கியின் அருகில் வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அந்த ஃபியூஸ் காக்கவேண்டியது கம்பியை. கார் பாட்டரியின் அகத்தடை ஏறத்தாழ 0.01 ஓம்தான். கம்பியின் மேலுறை வழியில் எங்கேனும் உரசித் தேய்ந்து எஃகு உடலைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; சில நொடிகளில் தீப்பிடிக்கும். ஃபியூஸ் கம்பியின் கடைசியில் இருந்தால், இடையில் நேர்ந்த இந்த விபத்தை அது அறியவே அறியாது. எனவே பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தாகவேண்டும்.

மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி எது? எஃகுக் காரில் உடலே அந்த வழி. பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் இறுக்கினால் போதும். கண்ணாடியிழை உடலில் இது நடவாது. உள்ளே மறைந்திருக்கும் எஃகுச் சட்டம் வரையிலோ பாட்டரி வரையிலோ இன்னொரு தடித்த கம்பி இழுத்தாகவேண்டும். நாம் நினைவில் வைத்த செய்திக்கு இது இரண்டாவது பயன்.

மின்கம்பியும் பாட்டைக் கொண்டுவரும் சைகைக் கம்பியும் ஒரே பக்கமாகப் போகக்கூடாது. மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு என 1820-இல் எர்ஸ்டெட் கண்டார். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என 1831-இல் ஃபாரடே காட்டினார். இரண்டும் சேர்ந்தால் பாட்டோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் கேட்கும். ஆகவே ஒன்று காரின் இடப்பக்கம், மற்றொன்று வலப்பக்கம்.

மூன்றாவது கேள்வி: மோதினால்?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். கார் எதிலோ மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது எனில், எதிர்முடுக்கம் நொடிவர்க்கத்துக்கு 140 மீட்டர். மூன்று கிலோ பெட்டியை அதன் இடத்தில் பிடித்து வைக்க 420 நியூட்டன் விசை வேண்டும். அதாவது, 40 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை அந்தத் திருகாணிகளில் தொங்குவதற்குச் சமம். பெட்டி பிய்த்துக்கொண்டால் அது நேரே போய்ச் சேருவது இருக்கையில் உள்ளவரின் முதுகுப் பக்கம்தான். மெல்லிய கண்ணாடியிழைச் சுவரில் முறுக்கிய திருகாணி இந்த விசையைத் தாங்காது. எஃகுச் சட்டத்தோடு இணைந்த தாங்கி வேண்டும். இது மூன்றாவது பயன்.

மோதலில் பயணிகளைக் காப்பது, மின்காந்தக் குறுக்கீட்டைத் தவிர்ப்பது ஆகிய இரண்டையும் ஆராய்வதற்கென்றே, வல்லக்கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் செயல்படுகிறது. நாம் காகிதத்தில் போட்ட கணக்குகளை அங்கே முழு வாகனங்களை வைத்தே சோதிக்கிறார்கள்.

இனி இடம் தேடுவோம்

எஞ்சின் அறை முதலிலேயே விலக்கு. அங்கே உள்ள சூடு பெட்டியின் எல்லையை ஒட்டியது. டாஷ்போர்டின் பின்புறம் காற்றோட்டம் இல்லை. உள்ளங்கை அளவுள்ள டி வகைப் பெட்டிக்கு மட்டும் அது ஒத்துவரலாம். ஸ்டெப்னிக் குழி பார்வைக்கு நல்ல இடம். ஆனால் காரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே புகும் நீர் அங்கேதான் தேங்கும். இருக்கையின் அடியில் ஏ.சி.யின் குளிர்காற்று வந்து சேரும் என்பது நன்மை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை தரையை ஒட்டியே இருக்கும். முன்னும் பின்னும் நகரும்போது கம்பிகளை நசுக்கும்.

மிஞ்சுவது இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கியின் முன்சுவர். அங்கே பெட்டி செங்குத்தாக நிற்கும், தண்ணீர் எட்டாது, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் காற்றும் ஓடும். ஆனால் துளையிடும் கருவியைக் கையில் எடுக்குமுன் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாகவேண்டும். சில கார்களில் அங்கேதான் பெட்ரோல் தொட்டி இருக்கும்!

பெட்டியையே சிறிதாக்கினால்?

இடம் தேடுவதற்கு மாறாக, தேவையைக் குறைக்கவும் வழி உண்டு. 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற ஜப்பானிய இரட்டை இருக்கைக் காரைப் பாருங்கள். அதன் பாட்டரி டிக்கியில் இருந்தது. எனவே டிக்கியில் பெருக்கி வைத்தால் கம்பியின் நீளம் ஐந்து மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மேலும், அந்த முதல் தலைமுறைக் கார்கள் பலவற்றில் தலைசாயும் திண்டுக்குள்ளேயே சிறு ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டிருந்தன.

இதன் நுட்பம் தலைகீழ் இருமடி விதியில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். ஒரு மீட்டரில் இருந்த ஒலிபெருக்கியைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் செறிவு 16 மடங்கு. 100 வாட் செய்த வேலையை ஏறத்தாழ 6 வாட் செய்துவிடும். மூடிய காரில் எதிரொலியும் சேர்வதால் பயன் இவ்வளவு துல்லியமாக இராது. கூரையைத் திறந்த காரில் இதை நெருங்கும். ஆறு வாட்டுக்குத் தனிப் பெட்டி எதற்கு? ரேடியோவுக்குள் இருக்கும் பெருக்கியே போதுமே!

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு சுடுநீர் ஊற்றித் தட்டுகளால் மூடுங்கள். ஒன்றை மேசைமேல் காற்றாட வையுங்கள். மற்றொன்றைத் தடித்த துண்டில் சுற்றி, ஒரு பெட்டிக்குள் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் அளந்து வரைபடம் வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு? தரைவிரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்த பெருக்கியின் நிலை என்ன என்பதை அந்த வரைபடமே உங்களுக்குச் சொல்லிவிடும்.