கம்பளித் துண்டும் பட்டுச் சால்வையும்

வென்னப்புவவிலிருந்து கற்பிட்டி வரை நீளும் கரையில், ஒரு காலத்தில் மாதாவின் படம் துணியில் ஏறி மனிதர் கழுத்துக்கு வந்தால் வெளியில் யாருக்கும் தெரியாது. சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, தபால் தலையைவிடச் சற்றே பெரிய பழுப்புக் கம்பளித் துண்டில் அது கிடந்தது. வியர்வையும் உப்புக் காற்றும் பட்டு முகம் அழிந்து போனாலும் துண்டைக் கழற்ற மாட்டார்கள். இன்று அதே மாதா தோள் நிறைய விரிந்த பட்டுச் சால்வையில் வருகிறாள். பொன்னிறப் பின்னணி, ஆழ்ந்த நீல முக்காடு, தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்த குழந்தை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மரப்பலகையில் எழுதப்பட்ட ஓவியம் பெருநாள் பூசைக்கு வரும் ஒரு தாயின் தோளில் மடிந்து கிடக்கிறது.

அந்தத் துண்டும் இந்தச் சால்வையும் ஒரே வம்சம் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று: உத்தரியம்

உத்தரியம் என்பது இரண்டு சிறு கம்பளித் துண்டுகளும் அவற்றை இணைக்கும் இரண்டு கயிறுகளும்தான். தலை வழியாகப் போட்டால் ஒரு துண்டு மார்பிலும் மற்றது முதுகிலும் விழும். துறவிகள் வேலை செய்யும்போது அங்கியின் மேல் முன்னும் பின்னும் தொங்கவிட்ட நீண்ட துணியே இதன் மூலம். கார்மேல் மலையில் தனித்தவம் இருந்தவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் சபையைச் சேர்ந்த சீமோன் ஸ்டொக் என்பவருக்கு மாதா காட்சி கொடுத்து, இந்த ஆடையைத் தன் பாதுகாப்பின் அடையாளமாகத் தந்தாள் என்பது சபையின் மரபு. அது நடந்த நாள் 1251 யூலை 16 என்று மரபு சொல்லும். இந்தக் கதையின் எழுத்துச் சான்றுகள் பிந்தியவை என்று வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். ஆனாலும் துறவியின் நீண்ட ஆடை சுருங்கிச் சுருங்கி இல்லறத்தாரும் அணியும் சிறு துண்டானது. 1726-இல் பாப்பரசர் 13-ஆம் பெனடிக்ட் கார்மேல் மாதா திருநாளை முழுத் திருச்சபைக்கும் உரியதாக்கினார்.

புத்தளம் கரைக்கு இந்தப் பக்தி வந்த வழி எளிதானதல்ல. இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை. 1687-இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ், 1690-இல் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அப்போது கண்டி மன்னரின் ஆளுகையில் இருந்ததால் ஒல்லாந்தரின் தடை அங்கே செல்லவில்லை. 2015 சனவரி 14-இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தக் கரையின் முதியவர்கள் பலர் தங்கள் விசுவாசத்தின் வேரே கௌரவிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1847-இல், அமலமரித் தியாகிகள் சபைத் துறவிகள் இலங்கைக்கு வந்தார்கள். 1939-இல் சிலாபம் தனி மறைமாவட்டமானது. அதன் பேராலயமே கார்மேல் மாதாவின் பெயரில் நிற்கிறது. உத்தரியத்துக்கு இந்தக் கரையில் இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது.

உத்தரியத்தை யாரும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. சுவாமி அதை ஆசீர்வதித்து, செபம் சொல்லி, கழுத்தில் போட்டுவிட வேண்டும். அந்தச் சடங்கு வாழ்நாளில் ஒரு முறைதான். துணி நைந்தால் புதியதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். மறுபடி சடங்கு தேவையில்லை. பழையதைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும். கடலுக்குப் போகும் மகனின் கழுத்தில் கயிறு இருக்கிறதா என்று தாய்மார் பார்த்தார்கள். இருந்தால் மனம் ஆறியது. அந்தத் துண்டில் படம் இருக்க வேண்டும் என்ற விதிகூடக் கிடையாது. கம்பளியும் கொடுத்த கையுமே அதன் பெறுமதி.

வெப்ப நாடுகளில் கம்பளி வியர்வையில் சீக்கிரம் கெட்டுப் போகிறது என்று மிசனரிமார் முறையிட்டார்கள். 1910 டிசம்பர் 16-இல் பாப்பரசர் 10-ஆம் பத்திநாதர், துணிக்குப் பதிலாக உலோகப் பதக்கம் அணியலாம் என்று அனுமதித்தார். ஒரு பக்கம் திரு இருதயம், மறுபக்கம் மாதா. முதன்முதல் அணிவிப்பது மட்டும் துணியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். இப்படித் துணியிலிருந்து உலோகத்துக்கும், பின்னர் பிளாஸ்டிக் உறையிட்ட படத்துக்கும் உத்தரியம் மாறியது. இன்றைய சால்வையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை நினைக்க வேண்டும். பொருள் மாறுவது புதிதல்ல.

அன்று: முக்காடு

சால்வைக்கு இன்னொரு மூதாதையும் உண்டு. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டம் பெண்கள் கோவிலில் தலையை மூடியிருக்க வேண்டும் என்றது. சேலைத் தலைப்போ, லேஸ் வைத்த வெள்ளை முக்காடோ இல்லாமல் பூசைக்குப் போவது அன்று நினைக்க முடியாத காரியம். அந்த முக்காட்டில் படம் எதுவும் இருக்காது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. தலையிலிருந்து துணி இறங்கியது, தோள் காலியானது. படமில்லாத முக்காடும் பார்க்க முடியாத படமும் இருந்த இடத்தில்தான் இப்போது படம் நிறைந்த சால்வை வந்து அமர்ந்திருக்கிறது.

இன்று: இத்தாலியிலிருந்து வரும் பொதி

வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஊர்களிலிருந்து இத்தாலிக்கு யாரும் வேலை தேடிப் போகாத தெருவைக் காண்பது கடினம். வென்னப்புவவை ‘சின்ன இத்தாலி’ என்றே நாட்டில் சொல்கிறார்கள். ரோம், மிலான், நேப்பிள்ஸ் நகரங்களின் வீடுகளில் முதியோரைப் பராமரித்து, சமைத்து, துப்புரவு செய்து உழைத்தவர்களின் பணத்தில் இங்கே மாடி வீடுகள் எழுந்தன. விடுமுறைக்கு வரும்போது அவர்கள் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு சால்வையும் இருக்கும்.

நேப்பிள்ஸ் நகரின் கார்மினே மஜ்ஜோரே ஆலயத்தில் ஒரு பழைய மாதா ஓவியம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அதை, கருநிற முகத்தை வைத்து ‘லா புரூனா’ என்று ஊரார் அழைக்கிறார்கள். குழந்தை தாயின் கன்னத்தில் கன்னம் வைத்து, கையால் அவள் தாடையைத் தொடுகிறது. அவள்தான் கார்மேல் மாதா. யூலை 15 இரவில் அந்த ஆலயத்தின் மணிக்கோபுரம் தீப்பற்றி எரிவதுபோல் வாணவேடிக்கை நடத்துவார்கள், மறுநாள் திருநாள். சிலாபம் பேராலயம் யாருடைய பெயரில் நிற்கிறதோ, அவளுடைய பழைய முகங்களில் ஒன்றை நம் பிள்ளைகள் வேலை செய்யும் ஊரிலேயே தரிசிக்கிறார்கள். துறவிகளும் மிசனரிமாரும் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்துவந்த பக்தியின் பழைய படங்களில் ஒன்றை இன்று ஒரு வீட்டுப் பணிப்பெண் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நேரில் பார்க்கிறாள். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றங்களில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இதுவே.

இப்படிப்பட்ட ஓவியங்களைப் பட்டில் பதிப்பது ஐரோப்பாவில் இப்போது பெரிய தொழில். பாரிஸின் எர்மேஸ் நிறுவனம் 1937-இல் தன் முதல் சதுரப் பட்டுச் சால்வையை வெளியிட்டது. அருங்காட்சியகக் கடைகள் தங்களிடமுள்ள பழைய ஓவியங்களைச் சால்வையில் அச்சிட்டு விற்கின்றன. 2013-இல் இத்தாலியின் டோல்சே அன்ட் கபானா, சிசிலியின் மொன்ரியாலே பேராலயத்துப் பொன் மொசைக் சித்திரங்களை ஆடைகளில் பதித்தது. 2018-இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கலையும் ஆடை வடிவமைப்பும் சந்திக்கும் ஒரு கண்காட்சியை நடத்தியபோது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

அந்த ஓவியங்களுக்குப் பட்டு அந்நியமல்ல. 1285-இல் ஓவியர் தூச்சியோவிடம் எழுதப் பணிக்கப்பட்ட புகழ்பெற்ற மாதா ஓவியம் புளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மாதாவின் அரியாசனத்தின் மேல் பூவேலைப்பாடுள்ள துணி தொங்குகிறது. விலையுயர்ந்த பட்டை அரசிக்குப் பின்னால் விரிப்பதுபோல மாதாவுக்குப் பின்னாலும் விரித்து எழுதினார்கள். அந்தக் கால மாதா ஓவியங்கள் பலவற்றில் முக்காட்டின் நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்சானிலிருந்து வந்த கல்லை அரைத்தார்கள். முட்டை மஞ்சட்கருவில் வண்ணம் குழைத்தார்கள். பின்னணிக்குத் தங்கத் தாளை ஒட்டினார்கள். சால்வை அச்சில் தங்கம் வெறும் மஞ்சளாகத்தான் வருகிறது. ஆனால் பட்டு இழைக்குத் தன்னொளி உண்டு. நடக்கும்போது மடிப்புகளில் அந்த மஞ்சள் அசைந்து மினுங்குகிறது.

இதில் போலியும் நிறைய. பெருநாள் கடைகளில் பட்டு என்று விற்பதில் பெரும்பகுதி பொலியெஸ்டர். காகிதத்தில் அச்சிட்டுச் சூட்டில் அழுத்தினால் படம் அதில் ஏறிவிடும். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு முடி கருகும் வாடை வீசிப் பொடியாகும். பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

இன்று: மெழுகும் சாயமும்

பட்டில் படம் எழுதும் கைகள் இத்தாலியில் மட்டுமில்லை. சிலாபம் வீதியில் மாரவிலவை ஒட்டியுள்ள மகாவெவ பத்திக் வேலைக்குப் பெயர்போன ஊர். 1960-களில் ஏனா டி சில்வா, லக்கி சேனநாயக்க போன்ற கலைஞர்கள் பத்திக்கை இலங்கைக் கலையாக உயர்த்தினார்கள். இந்தக் கரையின் பெண்கள் அதைத் தொழிலாகக் கற்றுக்கொண்டார்கள். துணியில் கோலம் வரைந்து, சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகை இடுவார்கள். சாயத் தொட்டியில் முக்கி, உலர்த்தி, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கருமைக்குப் போகும் இந்த வேலையில் ஒரு கோடு பிசகினால் அழித்து எழுத முடியாது.

அங்கே சால்வைகளில் சிகிரியாப் பெண்களும் பெரஹரா யானைகளும் தாமரையும் நிறையக் காண்கிறோம். தலவிலவின் அன்னம்மாளை அரிதாகத்தான் காண்கிறோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இலட்சக்கணக்கானோர் கூடாரமடித்து வணங்கும் தாய் அவள். அன்னம்மாள் தன் சிறு மகள் மரியாளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி 14-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்கள் விரும்பி எழுதியது. மகளுக்கு எழுத்தறிவிக்கும் தாயை இந்தக் கரையின் பெண்களே தங்கள் மெழுகிலும் சாயத்திலும் எழுதினால், அந்தப் பட்டுக்கு எந்த அருங்காட்சியகக் கடையும் ஈடாகாது.

கொடுத்த கை

போனதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கரையின் பல ஊர்களில் பாட்டனார் தமிழில் செபம் சொன்னார். பள்ளிக்கூடத்தின் மொழி மாறியதால் பேரன் சிங்களத்தில் சொல்கிறான். அவன் பிள்ளை மிலானில் இத்தாலிய மொழியில் கற்கிறது. உத்தரியம் அணிவிக்கும்போது வீட்டில் சொல்லிக்கொடுத்த சிறு தமிழ்ச் செபங்கள் பல முதியவர்களோடு போய்விட்டன. சால்வையோடு செபம் எதுவும் வருவதில்லை. விலைச்சீட்டு வருகிறது, படத்தில் இருப்பவள் யார், எழுதியது யார் என்ற ஒரு வரிகூட வருவதில்லை. கண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்த ஓவியம் கதையில்லாமல் வருவது பெரிய குறை.

ஆனால் வந்திருப்பதும் சிறிதல்ல. அன்று பெரியவர்கள் பிள்ளையின் கழுத்தில் போட்டு, “மாதா உன்னைப் பார்த்துக்கொள்வா” என்று கடலுக்கு அனுப்பினார்கள். இன்று கடல் தாண்டிப் போன பிள்ளை தாயின் தோளில் போட்டு அதையே சொல்கிறது. பழுப்புத் துண்டை மதிப்புள்ளதாக்கியது அதைப் போட்டுவிட்ட கை. அந்தக் கை இருக்கும் வரை பட்டுச் சால்வையையும் வெறும் அலங்காரம் என்று தள்ள முடியாது.

ஆகவே செய்யக்கூடியது மிச்சமிருக்கிறது. சால்வை கொடுக்கும் பிள்ளை அந்த ஓவியத்தின் கதையைக் கேட்டறிந்து தாயிடம் சொல்லட்டும். பாட்டியிடம் பழைய தமிழ்ச் செபம் இருந்தால் பேத்தி அதை எழுதி எடுக்கட்டும். பங்குச் சுவாமிமார் யூலைத் திருநாளில் உத்தரியம் அணிவிக்கும் சடங்கைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் செய்யட்டும். மகாவெவவின் கைகள் தலவில அன்னம்மாளைப் பட்டில் எழுதட்டும். நேப்பிள்ஸுக்குத் திரும்பும் பெட்டியில், இந்தக் கரையிலிருந்தும் ஒரு சால்வை போகட்டும்.