சாகாத கோபால்

கோபால் என்றால் பக்கத்து வீட்டுப் பையன் இல்லை, கம்ப்யூட்டர் பாஷை. 1959-ல் அமெரிக்காவில் கமிட்டி போட்டு உருவாக்கினார்கள். (கமிட்டி போட்டும் உருப்பட்ட அபூர்வ சமாசாரம்!) கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் ஃப்ளோ-மேட்டிக்தான் அஸ்திவாரம்.

பலம்? பைசா பிசகாது. பல பாஷைகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரணமாகக் கூட்டச் சொன்னால் 0.3-க்குப் பின்னால் ஒரு துளி வால் ஒட்டிக்கொள்ளும். கோபாலோ மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரி தசமத்திலேயே கூட்டும். பாங்குகள் இதை லேசில் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பலவீனம்? வளவளா. 'சம்பளத்தோடு போனஸைக் கூட்டு' என்கிற தினுசில் வாக்கியம் வாக்கியமாக எழுதணும். வருஷத்துக்கு இரண்டே இலக்கம் போதும் என்று அந்தக் காலத்தில் மிச்சம் பிடித்தார்கள் பாருங்கள், அதைத் திருத்தத்தான் 1999 வரை நம்ம பையன்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள்.

2000 பிறந்ததும் 'கோபால் காலி' என்று பேச்சு. ஆனால் 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை போனவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூஜெர்ஸி கவர்னரே 'கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாங்க' என்று பகிரங்கமாகக் கேட்டார்!

எழுதியவர்கள் ரிட்டயராகிவிட்டார்கள், எழுதியது இன்னும் ஆகவில்லை. ஏ.ஐ.யை வைத்து மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்றியது சரியா என்று சொல்லவாவது ஆள் வேண்டாமா?

பைத்தானையே கட்டிக்கொள்ளுங்கள், தம்பி. கோபாலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். என்றைக்காவது சோறு போடும்.