கீழாநெல்லியும் காமாலையும்: ஆய்வுக்கூடம் கண்டது என்ன?

வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானே முளைக்கும் கீழாநெல்லியை நம்மில் பலரும் அறிவோம். இலைகள் அடுக்கிய சிறு கிளைகளின் கீழ்ப்புறத்தில் நெல்லிக்காயைப் போன்ற குட்டிக் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் வந்தது. காமாலை கண்டவர்க்கு இதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் மறைகிறது. மருந்து பலித்தது என்று கொள்ளலாமா?

அவசரப்படக் கூடாது. காமாலை தனி நோயன்று, நோயின் அடையாளம். பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் இரத்தத்தில் மிகும்போது அது தோன்றுகிறது. அசுத்த நீரால் பரவும் 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சியாயின், பெரும்பாலோர்க்கு எம்மருந்தும் இன்றியே சில வாரங்களில் குணமாகிவிடும். அந்நாட்களில் எதைக் கொடுத்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும்! பித்தநாளத்தைக் கல் அடைத்ததால் வந்த காமாலையோ எவ்வளவு சாறு குடித்தாலும் நீங்காது.

ஆகவே மூலிகையைச் சோதிக்க விரும்புவோர், தானாக எளிதில் தீராத நோயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பி' வகை வைரஸைப் பல ஆண்டுகளாக இரத்தத்தில் சுமப்பவர்கள் இதற்கு ஏற்றவர்கள். அந்த வைரஸின் மேலுறைப் பொருளை இரத்தப் பரிசோதனையில் காணலாம். அதனைக் கண்டறிந்த பாரூக் புளூம்பர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிச் சாறு வைரஸின் பெருக்கத்துக்கு வேண்டிய நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்தது. இதையொத்த வைரஸ் தாக்கிய வுட்சக் என்னும் அமெரிக்கக் கொறி விலங்குகளிலும் நல்ல பலன் தெரிந்தது.

மனிதரிடம் என்ன ஆயிற்று? சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், புளூம்பர்க்குடன் சேர்ந்து, உலர்ந்த செடியின் பொடியை 30 நாள் கொடுத்தனர். ஒப்பிடுவதற்காக வேறு சிலருக்குப் போலி மருந்து தந்தனர். 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் பொருள் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் இது ஒரு முன்னோட்ட ஆய்வே. இரு குழுக்களின் எண்ணிக்கையும் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்து, தாய்லாந்து முதலிய இடங்களில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு இப்பலன் கிட்டவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? முதல் ஐயம் செடியின் மேலேயே எழுகிறது. நம் நூல்கள் பலவற்றில் கீழாநெல்லி 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே குறிக்கப்பட்டது. உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டில் வளர்வன 'பில்லாந்தஸ் அமாரஸ்' முதலிய உறவினச் செடிகள். அமாரஸ் பூவுக்கு இதழ்கள் 5. 'பிராட்டர்னஸ்' பூவுக்கு 6. உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றி இதனைக் காண்பது கடினம். ஒரே கட்டில் இரண்டும் கலந்து விற்கப்பட்டால் யார் கண்டார்?

அடுத்தது வேதிப் பொருள். செடியிலுள்ள பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் ஆகிய இரண்டும் லிக்னான் வகையைச் சேர்ந்தவை. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நச்சுப் பொருள் இட்ட எலியின் கல்லீரல் உயிரணுக்களை இவை காத்தன. பொடியை மெதனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, குரோமட்டோகிராபி என்னும் வண்ணப் பிரிகை முறையால் இவற்றின் அளவை அறியலாம். மண், பருவம், உலர்த்தும் விதம் ஆகியவற்றுக்கேற்ப இவ்வளவு மாறும். மற்றொரு வேடிக்கை: இவை நீரில் எளிதில் கரைவதில்லை. நீரிலிட்டுக் காய்ச்சும் கஷாயத்தில் மிகுதியாக இறங்குவன டானின் வகைப் பொருள்களே. ஆய்வுக்கூடம் சோதித்த சாறும் நாம் குடிக்கும் கஷாயமும் ஒன்றல்ல!

வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், போலி மருந்தைவிட இது நாட்பட்ட 'பி' நோய்க்குப் பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என 2011-இல் எழுதினர். இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மருந்துகள் அந்த வைரஸை அடக்கி வைக்கின்றன. வைரஸைச் சுமப்பவர் உடலில் வலியோ மஞ்சளோ தெரியாமலே கல்லீரல் சுருங்கிப் போகலாம்; புற்றும் வரலாம். கீழாநெல்லி குடித்து மஞ்சள் மறைந்தவரும் 'பி' வைரஸ் உள்ளதா என்று இரத்தத்தை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அதனால்தான் அவசியமாகிறது.