ரீம் எடைக்கு ஒரு சாளரம்

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பதில் வேரூன்றி, காலண்டர், டைரி எனக் கிளைத்த சிவகாசி அச்சுத்தொழிலில் ஓயாது போடப்படும் கணக்குகளுள் ஒன்று ரீம் எடை. ரீம் என்பது 500 தாள் கொண்ட கட்டு. தாளின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். அளவாலும் பெருக்கி, 20,000ஆல் வகுத்தால் அதன் எடை கிலோவில் கிடைக்கும். 58.5க்கு 91 அளவில் 60 ஜி.எஸ்.எம். தாள் ஏறத்தாழ 16 கிலோ. கால்குலேட்டரிலேயே முடிந்துவிடும் கணக்குதான். எனினும் கணினித் திரையில் ஒரு சாளரம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை விளக்க அது போதும்.

பைத்தான் மொழியுடன் வரும் டிகின்டர், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்னும் கருவித்தொகுப்பைப் பயன்படுத்த உதவும் இணைப்பாகும். அதில் பொத்தானுக்குத் தனி உறுப்பு உண்டு, கருவிப்பட்டைக்கு இல்லை. ஆகவே ஃபிரேம் எனப்படும் வெற்றுச் சட்டத்தைச் சாளரத்தின் மேல்விளிம்பு நெடுகப் பொருத்தி, 'கணக்கிடு', 'அழி' ஆகிய பொத்தான்களை இடப்புறமிருந்து அதில் அடுக்கினால் அதுவே கருவிப்பட்டையாகிவிடும். பேக் என்னும் கட்டளை, முதலில் வந்த உறுப்புக்கு இடம் கொடுத்து எஞ்சியதையே அடுத்ததற்கு விடுவதால், பட்டையைக் கடைசியில் சேர்த்தால் சாளரத்தைச் சுருக்கும்போது முதலில் மறைவது பொத்தான்கள்தாம்.

பொத்தானைச் செயலுடன் இணைக்கும் இடத்தில்தான் புதியவர்கள் பெரிதும் இடறுகின்றனர். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால் எடையைக் கணிக்கும் செயற்கூறுக்குக் 'கணக்கிடு' என்றே பெயரிடலாம். ஆனால் பொத்தானிடம் அப்பெயரை மட்டுமே ஒப்படைக்க வேண்டும். பின்னால் அடைப்புக்குறி சேர்ந்துவிட்டால், சரவெடியைக் கையில் கொடுப்பதற்குப் பதில் பற்றவைத்தே கொடுத்ததாகிவிடும்: சாளரம் திறக்கும் முன்பே, அளவுப் பெட்டிகள் காலியாக இருக்கும்போதே கணக்கு ஓடி, பிழைச்செய்தியுடன் நின்றுபோகும்.

மேலிருந்து கீழாக ஓடி முடியும் நிரலைப் போலன்றி, சாளர நிரல் மெயின்லூப் என்னும் சுழற்சியில் காத்திருந்து, சொடுக்கு, விசை அழுத்தம் ஆகிய நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய செயற்கூறிடம் சேர்க்கிறது. அச்செயற்கூறு நெடுநேரம் எடுத்துக்கொண்டால் அதுவரை சாளரம் உறைந்து நிற்கும். ரீம் கணக்குக்கு அந்தக் கவலை இல்லை.

பொத்தானில் படம் வைக்க விரும்புவோர், அப்படத்தைச் செயற்கூறின் உள்மாறியில் மட்டும் வைத்தால், செயற்கூறு முடிந்ததும் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிட, பொத்தான் வெறுமையாகத் தோன்றும். படத்தைப் பொத்தானின் பண்பாகவே சேமித்துவிடுவது வழக்கமான தீர்வு. ரீம் எடையைப் பார்த்தவுடன் உணர்த்தும் படம் எதுவும் இல்லாததால், அச்சகத்துச் சாளரத்துக்கு எழுத்துப் பொத்தானே மேல்.